மளிகைக்கடை காலண்டர் ஏன் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை?

[திரையில்: சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர்]

ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் இன்றைக்குப் போனிலேயே இருக்கிறது. ஆனாலும் டிசம்பர் பிறந்ததும் கடையில் என்ன கேட்கிறோம்? "அண்ணாச்சி, காலண்டர் வந்துருச்சா?"

யோசித்துப் பாருங்கள். ஒரு கடையின் விளம்பரத்தை நாமே கேட்டு வாங்கி, நம் வீட்டில் ஆணி அடித்து மாட்டுகிறோம்!

[திரையில்: சிவகாசி அச்சகம்]

இவற்றில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சாகின்றன. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அச்சுத் தொழில் அங்கே காலூன்றியது அப்படித்தான். பிறகு காலண்டர். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் கடைப் பெயரோடு வீடு வீடாகப் போயின. வருஷம் முடிந்தும் தூக்கிப்போட மனசு வராமல், கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்தவர்கள் உண்டு.

[திரையில்: மாதக் காலண்டர், பேனா குறிப்புகள்]

இதைக் கிட்டத்தில் பாருங்கள். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. கேஸ் மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம். 'சீட்டு' என்று ஒரு கிறுக்கல். எல்லாவற்றுக்கும் கீழே கடையின் போன் நம்பர். அரிசி தீர்ந்த அன்று யாரும் அதைத் தேட வேண்டியதில்லை. போனில் வரும் விளம்பரத்தை ஒரு தள்ளு தள்ளினால் போச்சு; இது டிசம்பர் 31 வரை அங்கேயேதான் இருக்கும், வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்.

ஆனால் காலண்டர் புது ஆளைக் கடைக்குக் கூட்டி வராது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கூகுள் மேப்பில்தான் தேடுவார். அங்கே உங்கள் கடை இருந்தாக வேண்டும். வந்தவரை விடாமல் பிடித்து வைக்கத்தான் காலண்டர். இப்போது அட்டையிலேயே வாட்ஸ்அப் நம்பரும் க்யூஆர் கோடும் ஏறிவிட்டன.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுப் படத்தைச் சுருக்கிவிடாதீர்கள். அழகாக இல்லாத காலண்டர் பீரோ மேலேயே கிடக்கும். சாமி படம் மாட்டாத வீடுகளுக்கு இயற்கைக் காட்சியோ குழந்தை படமோ தனியாக அடித்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அப்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கார்த்திகை வரை இழுத்தால், மிச்சமிருக்கும் படம்தான் கிடைக்கும்.