வீட்டுக் கணினியில் கசிவு எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

பாய்ச்சிய தண்ணீர் வயலில் நிற்கவில்லை என்றால் டெல்டாக்காரர் மதகைக் குறை சொல்லிக்கொண்டு நிற்கமாட்டார். வரப்பைச் சுற்றி நடந்து நண்டு வளை எங்கே என்று பார்ப்பார். வீட்டுக் கணினியிலிருந்து தகவல் போவதையும் அப்படித்தான் தேட வேண்டும். விண்டோஸ் உளவு பார்க்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். விண்டோஸும் தகவல் அனுப்புகிறது, உண்மைதான். ஆனால் பெரிய வளை, இணையப் பக்கங்களைத் திறக்கும் பிரவுசரில் இருக்கிறது. அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் முழுவதையும் அங்கேயே செலவிடுங்கள்.

நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று ஒருமுறை தேடுகிறீர்கள். பிறகு நெல் விலை பார்க்கப் போனாலும் நகைக்கடன் விளம்பரம், சமையல் குறிப்பு பார்க்கப் போனாலும் அதே விளம்பரம். அந்தப் பக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் சிறு நிரல் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். முதல் பக்கத்திலேயே அது உங்கள் பிரவுசரில் எண் போட்ட ஒரு சீட்டை வைத்துவிடும். அடுத்தடுத்த பக்கங்களில் அந்தச் சீட்டைப் படித்து, அதே ஆள்தான் என்று கண்டுகொள்ளும். இந்தச் சீட்டுக்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர். தன் பிரவுசரான குரோமிலிருந்து இதை எடுத்துவிடப் போவதாக 2020-இல் அறிவித்த கூகுள், பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எனவே நாம்தான் அடைக்க வேண்டும்.

திரையில் தெரியும் பெயர்களை அப்படியே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு செட்டிங்ஸ் போங்கள். அங்கே பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் தேர்டு பார்ட்டி குக்கீஸ். அதில் பிளாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் பகுதியில் ஸ்பெல் செக் இருக்கும். அது என்ஹான்ஸ்டு என்ற நிலையில் இருந்தால், நீங்கள் தட்டச்சு செய்வது பிழை திருத்துவதற்காக கூகுளின் சர்வருக்கு, அதாவது அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. பேசிக் என்று மாற்றினால் போதும்.

இன்னும் நல்ல வழி, ஃபயர்ஃபாக்ஸ் என்ற வேறு பிரவுசரை நிறுவி, விளம்பர நிரல்களைத் தடுக்கும் யுபிளாக் ஒரிஜின் என்ற இணைப்பைச் சேர்ப்பது. ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது, இலவசம். ஒரிஜின் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் யுபிளாக் என்ற பெயரில் இருப்பது வேறு சரக்கு. குரோமில் இப்போது இதன் முழு வடிவம் ஓடாது, லைட் என்ற சுருங்கிய வடிவம் மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் ஸ்ட்ரிக்ட் என்பதையும் தேர்ந்தெடுங்கள். இதோடு நிறுத்துங்கள். மூன்று நான்கு தடுப்பான்களைப் போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், பக்கமும் திறக்காது.

இப்படி இறுக்கினால் சில தளங்கள் முரண்டு பிடிக்கும். பணம் கட்டும்போது ஓடிபி கேட்கும் பக்கம் வெள்ளையாக நிற்கும். படத்தில் உள்ள எழுத்தைப் போடச் சொல்லும் கட்டம் வராது. வங்கியின் பக்கத்திலிருந்து இன்னொரு நிறுவனத்தின் பக்கத்துக்குத் தாவும்போது குக்கீ தடைபடுவதுதான் பெரும்பாலும் காரணம். உடனே எல்லாத் தடுப்பையும் அணைத்துவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையின் இடது பக்கத்தில் கேடயம் போல ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். இதுவும் தொல்லை என்றால் வங்கி, பட்டா சிட்டா, பயிர்க் காப்பீடு இவற்றுக்கு மட்டும் விண்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் ஃபயர்ஃபாக்ஸைப் பயன்படுத்துங்கள். இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

குரோமில் இன்காக்னிட்டோ என்று தனியாகத் திறக்கும் சாளரம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்பதை அது வீட்டில் உள்ள மற்றவர்களிடமிருந்து மறைக்கும். இணைய இணைப்பு தருபவரிடமிருந்தும் நீங்கள் போகும் தளத்திடமிருந்தும் மறைக்காது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையப் பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் சேவைகளில், அடிக்கும் சொல் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் தமிழாகத் திரும்பி வரும். மனு, கடிதம், கணக்கு எல்லாம் அப்படியே போகிறது. விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, இ-கலப்பை போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. இவை இணையம் இல்லாமலே ஓடும்.

இனி விண்டோஸ். விண்டோஸ் பட்டனோடு ஐ எழுத்தை அழுத்துங்கள், செட்டிங்ஸ் திறக்கும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக் என்ற பகுதிக்குப் போய், ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா என்பதை அணையுங்கள். அதே பக்கத்தில் டெலீட் பட்டனும் உண்டு, இதுவரை போனதை அழிக்கச் சொல்லலாம். பிறகு அட்வர்டைசிங் ஐடி, லொக்கேஷன் இரண்டையும் அணையுங்கள். ஹோம் பதிப்பில் ரிக்வயர்டு என்ற அடிப்படைத் தகவல் போய்க்கொண்டுதான் இருக்கும், அதை அணைக்க பட்டன் கிடையாது.

அதையும் நிறுத்துகிறேன் என்று சொல்லும் ஸ்கிரிப்டுகள், அதாவது அமைப்புகளைத் தானாக மாற்றும் சிறு நிரல்கள், இணையத்தில் ஏராளம். என்னைக் கேட்டால் வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் தேடல் வேலை செய்யாமல் போகும், அப்டேட் பாதியில் நிற்கும். எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாப்ட் முகவரிகளை அடைத்தால், விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரே அதை ஆபத்து என்று அலறும். கொஞ்சம் தகவல் போவதைவிட பாதுகாப்பு அப்டேட் வராமல் இருப்பது பெரிய நஷ்டம். கிராக் போட்ட விண்டோஸ் என்றால் இந்தப் பேச்சே வீண். அதைப் போட்டவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. சர்வீஸுக்குக் கொடுத்த கணினியில், தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் அப்படியே விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் தெரியும், நீக்கிவிடலாம்.

மைக்ரோசாப்ட் கணக்கை விட்டுவிட்டு, அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுன்டுக்கு மாற நினைப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். புதிய கணினிகள் பலவற்றில் கோப்புகள் இருக்கும் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதற்கான 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். மதர்போர்டு மாற்றினாலோ, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற நிரல் அப்டேட் ஆனாலோ கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் பிள்ளைகளின் புகைப்படம் உட்பட எதுவும் திரும்பாது. ஆகவே முதலில் சாவியைக் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

அடுத்தது ஒன்டிரைவ், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாப்டின் சேவை. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதற்குள் நகர்த்தப்பட்டிருக்கும். ஒன்டிரைவின் பேக்கப்பை அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். மேகச் சின்னம் உள்ளவற்றை வலது சொடுக்கி, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் கொடுத்து முழுவதும் இறங்கிய பிறகு, பழைய இடத்துக்குக் கையால் நகர்த்துங்கள். கணக்கிலிருந்து வெளியேறுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொருவர் சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் மென்பொருள்களில் இலவசமானதைப் போடாதீர்கள். இணைய நிறுவனம் பார்த்ததை இனி முகம் தெரியாத ஒருவர் பார்ப்பார், அவ்வளவுதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்குப் போக முடியாத பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம், தமிழும் நன்றாக வரும். 11 வைத்திருப்பவர்களுக்குப் பெரிய அப்டேட் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று, பிற்பாதியில் வரும். அது வந்து முடிந்ததும் நான் சொன்ன பட்டன்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். அணைத்தது அணைந்தே இருக்கிறதா, புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வணக்கம்.