தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மொழிப் பாடசாலையில் இருபது வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். வீட்டில் தமிழ், வேலையில் பிரெஞ்சு, கடை தெருவில் ஆங்கிலம் என்று போகிறது என் நாள். குடிவரவும் மொழியும் பற்றிக் கொஞ்ச நேரம் கதையுங்கள் என்று வானொலியிலிருந்து கேட்டபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு பதிவுப் படிவம்.

2016ஆம் ஆண்டு, ஆவணி மாதக் கடைசி. பாடசாலை தொடங்க ஒரு கிழமை இருக்கும். புருண்டி நாட்டிலிருந்து அகதியாக வந்த ஒரு அம்மா, எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். நல்ல பிரெஞ்சு. என்னுடைய பிரெஞ்சைவிட இலக்கணச் சுத்தமானது. படிவத்தை மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். 'தாய்மொழி' என்று ஒரு கட்டம். கிருண்டி என்று எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இப்படி எழுதினால் பிள்ளையைச் சேர்க்க மாட்டீர்களா?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு விளக்கம். நம் ஆட்கள் பலர் 'பிரெஞ்சு இமேர்ஷன்' வகுப்பையும் பிரெஞ்சு மொழிப் பாடசாலையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இமேர்ஷன் என்பது ஆங்கிலக் கல்விச் சபைகள் நடத்துவது, ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பிரெஞ்சு பழகுவதற்கு. நான் படிப்பிப்பது பிரெஞ்சு பேசும் சிறுபான்மைக்காக அவர்களுடைய சொந்தக் கல்விச் சபை நடத்தும் பாடசாலை. ஒன்ராறியோவில் இப்படி 12 பிரெஞ்சுச் சபைகள் இருக்கின்றன. அங்கே கணக்கும் பிரெஞ்சில், விளையாட்டும் பிரெஞ்சில், ஏச்சும் பிரெஞ்சில்.

இந்தப் பாடசாலைகள் சும்மா கிடைத்தவை அல்ல. 1912இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த 17ஆம் இலக்க ஒழுங்குவிதி, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேலே பிரெஞ்சில் படிப்பிப்பதைத் தடுத்தது. 1916இல் ஒட்டாவாவின் கீக் பாடசாலையில், தங்கள் பிள்ளைகளின் ஆசிரியைகளைக் காவல்காத்து நின்ற தாய்மார் தொப்பி ஊசிகளையும் கத்தரிக்கோல்களையும் கையில் வைத்திருந்தார்கள். மொழிக்காகத் தாய்மார் அப்படி வாசலில் நின்ற கதையை நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். கனடாவில் பிரெஞ்சு ஆட்சிமொழி. 1969இலிருந்து சட்டப்படி. ஆனால் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே அது சிறுபான்மை மொழி. 1971இல் கியூபெக்குக்கு வெளியே இருந்த சனத்தொகையில் 6.1 வீதமானவர்களுக்குப் பிரெஞ்சே முதல் ஆட்சிமொழி. 2021 குடிசன மதிப்பில் அது 3.3 வீதம். ஐம்பது வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி. ஆட்கள் குறையவில்லை, பத்து இலட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். மற்றவர்கள் பெருகினார்கள். நாட்டுக்குள் வந்த குடிவரவாளர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆங்கிலப் பக்கமே போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சுக் குடும்பங்களிலும் பிள்ளைகள் குறைந்தன. அப்பா பிரெஞ்சு, அம்மா ஆங்கிலம் என்றால் பிள்ளை அநேகமாக ஆங்கிலம்தான்.

மத்திய அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2003இல் ஒரு இலக்கு வைத்தார்கள்: கியூபெக்குக்கு வெளியே குடியேறுவோரில் 4.4 வீதமாவது பிரெஞ்சு பேசுவோராக இருக்கவேண்டும். ஏன் 4.4? அன்றைக்கு அந்தச் சமூகத்தின் பங்கு அவ்வளவு. வளர்வதற்கு வைத்த இலக்கு இல்லை இது, இருந்த இடத்தில் நிற்பதற்கு வைத்த இலக்கு. அதையே 2008க்குள் எட்டுவதாக இருந்து, முடியாமல் 2023க்குத் தள்ளினார்கள். கடைசியில் 2022இல்தான் எட்டியது. ஆட்சிமொழிகள் ஆணையாளர் 2021இல் கணக்குப் பார்த்துச் சொன்னார்: 2008இலிருந்து 2020 வரை மட்டும் வந்திருக்கவேண்டியவர்களில் 75,000க்கும் அதிகமானோர் வரவில்லை. ஒரு முழு நகரத்து ஆட்கள். அவர்கள் வந்திருந்தால் எத்தனை வகுப்பறை நிரம்பியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இப்போது வேகம் கூடியிருக்கிறது. 2023 ஆனி மாதம் திருத்திய ஆட்சிமொழிகள் சட்டத்துக்குப் பிறகு, 1971இன் 6.1 வீதத்தைத் திரும்பப் பிடிப்பது என்பது அரசின் வெளிப்படையான நோக்கம். குடியேறுவோரில் 2024க்கு 6 வீதம் இலக்கு, அது தாண்டியது. 2025க்கு 8.5. உங்கள் வீட்டிலும் இதன் எதிரொலி கேட்டிருக்கும். ஊரில் இருக்கும் மச்சானோ மருமகளோ போன் எடுத்து, "பிரெஞ்சு படித்தால் பி.ஆர். சுகமாகக் கிடைக்குமாமே" என்று நிரந்தர வதிவிட உரிமையைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். கேட்டது சரிதான். 2024 மாசி மாதம் முதலாம் தேதி புள்ளி போட்டுக் குடிவரவாளரைத் தெரிவுசெய்யும் எக்ஸ்பிரஸ் என்றி முறையில், பிரெஞ்சு தெரிந்த 7,000 பேருக்கு ஒரேயடியாக அழைப்புப் போனது. அவர்களுக்கு 365 புள்ளி போதுமாக இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்த பொதுத் தெரிவில் 543 புள்ளி வேண்டியிருந்தது.

யார் இந்தக் குடிவரவாளர்கள்? ஒரு காலத்தில் பிரெஞ்சு பேசும் குடிவரவாளர் என்றால் பிரான்சிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ வந்தவர் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பிறகு ஹெய்ட்டி, லெபனான் ஆட்கள் வந்தார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு முகமே மாறிவிட்டது. கொங்கோ, கமரூன், புருண்டி, ருவாண்டா, ஐவரி கோஸ்ட், மொரோக்கோ, அல்ஜீரியா. பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது ஒன்ராறியோவை, அதிலும் ஒட்டாவாவையும் ரொறன்ரோவையும். நியூ பிரன்சுவிக் மாத்திரமே அரசியலமைப்புப்படி இருமொழி மாகாணம். அங்கே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பிரெஞ்சு ஆட்கள். அங்குள்ள மொங்ரன் நகரில் 1963இலிருந்து பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த மாகாணம் வந்தவர்களில் போதிய பிரெஞ்சு ஆட்களைப் பிடித்து வைத்திருக்கச் சிரமப்படுகிறது. வேலை இருக்கும் இடத்துக்குத்தானே சனம் போகும்.

இங்கேதான் அந்தத் தாய்மொழிக் கட்டம் திரும்ப வருகிறது. கொங்கோவிலிருந்து வருபவரின் தாய்மொழி லிங்காலாவாக இருக்கலாம், சுவாகிலியாக இருக்கலாம். படித்தது, வேலை செய்தது, செபித்தது எல்லாம் பிரெஞ்சில். தாய்மொழியை மட்டும் கேட்டு எண்ணினால் இவர் பிரெஞ்சுக் கணக்கில் வரவே மாட்டார். அதனால் கனடா புள்ளிவிபரத் திணைக்களம் 'முதலில் பேசும் ஆட்சிமொழி' என்று ஒரு அளவை வைத்திருக்கிறது. இரண்டு ஆட்சிமொழிகளில் எது தெரியும், தாய்மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று மூன்று விடையையும் வரிசையாகப் பார்த்து ஆளை ஒரு பக்கம் சேர்ப்பார்கள்.

என்னையே வைத்துப் பார்ப்போம். எண்பதுகளின் கடைசியில் ஏழு வயதில் மொன்றியலுக்கு வந்தேன். கியூபெக்கின் 101ஆம் சட்டம் 1977இலிருந்து குடிவரவாளர் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது, நானும் போனேன். அம்மா ஷபனெல் தெருவில் தையல் ஆலையில் வேலை செய்தார். பக்கத்து மெசினில் இருந்த ஹெய்ட்டிப் பெண்மணியிடம்தான் அம்மா பிரெஞ்சு பழகினார். "ஊசி", "நூல்", "கெதியாய்" என்ற சொற்கள் முதலில், "பிள்ளைகள் சுகமா" என்பது பிறகு. பிறகு குடும்பம் ஒன்ராறியோவுக்கு வந்தது. இப்போது எனக்கு இரண்டு ஆட்சிமொழியும் தெரியும். தாய்மொழி தமிழ். வீட்டில் அதிகம் பேசுவதும் தமிழ். மூன்று கேள்வியாலும் என்னை ஒரு பக்கம் சேர்க்க முடியாது. இப்படிப்பட்டவர்களைச் சிறுபான்மைக் கணக்கில் பாதியாகப் பிரிப்பார்கள். என்னைப் போன்ற இரண்டு பேர் சேர்ந்தால் பிரெஞ்சில் ஒரு ஆள். வாழ்நாள் முழுதும் பிரெஞ்சில் படிப்பித்த ஒருத்திக்கு இது வலிக்கத்தான் செய்யும்.

ஒன்ராறியோ அரசு 2009 ஆனி மாதத்தில் இதைத் திருத்தியது. தாய்மொழி பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, ஆனால் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், வீட்டிலும் பாவிக்கிறார் என்றால் அவரும் பிரங்கோபோன், அதாவது பிரெஞ்சு ஆள், என்று வரையறையை விரித்தார்கள். என் பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரத்தில் எங்கள் மேசையில் பிரெஞ்சுதான், ஆகவே இந்த வரையறையில் நான் முழு ஆள். இந்த ஒரு மாற்றத்தால் மாகாணத்தின் பிரெஞ்சுச் சமூகத்தில் ஏறக்குறைய 50,000 பேர் கூடினார்கள். ஒருவரும் புதிதாக விமானத்தில் வந்து இறங்கவில்லை. ஏற்கனவே இங்கே இருந்தவர்கள்தான். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த ஊரில் பிரெஞ்சில் தாதி வேண்டும், எந்த ஊரில் பாடசாலை வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். எண்ணப்படாதவருக்குச் சேவையும் இல்லை.

ஆனால் எண்ணுவது ஒன்று, உரிமை இன்னொன்று. அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் 23ஆம் பிரிவு, சிறுபான்மை மொழிப் பாடசாலைக்கான உரிமையைக் கனடியக் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. பெற்றோர் முதலில் பழகிய மொழி பிரெஞ்சாக இருக்கவேண்டும், அல்லது அவர் ஆரம்பக் கல்வியைக் கனடாவில் பிரெஞ்சில் படித்திருக்கவேண்டும், அல்லது அவருடைய ஒரு பிள்ளை இங்கே பிரெஞ்சில் படித்திருக்கவேண்டும். அந்தப் புருண்டி அம்மாவுக்கு இதில் ஒன்றுமே இல்லை. புஜும்புராவில் பல்கலைக்கழகம்வரை பிரெஞ்சில் படித்தவர், இந்தச் சட்டத்தின் முன்னால் பிரெஞ்சு ஆள் இல்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

அப்படிப்பட்டவர்களுக்காக எங்கள் மாகாணத்தில் அனுமதிக் குழு என்று ஒன்று உண்டு. அதிபர், ஒரு ஆசிரியர், சபையின் மேற்பார்வை அலுவலர் ஆகியோர் இருப்பார்கள். அன்றைக்கு ஆசிரியர் இடத்தில் நான் இருந்தேன். மகளிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒரு முயல் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பாமல், "கிணற்றுக்குள் என்ன இருந்தது?" என்று எங்களைக் கேட்டாள். சேர்த்துவிட்டோம்.

எல்லா இடத்திலும் இவ்வளவு இலகுவாக நடப்பதில்லை. கனடாவின் வடக்கே உள்ள வடமேற்குப் பிரதேசங்களில் இதேபோல உரிமை இல்லாத ஐந்து குடும்பங்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுச் சபை ஏற்கத் தயாராக இருந்தும் அமைச்சர் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. முடிவெடுக்கும்போது அந்தச் சிறுபான்மைச் சமூகம் வளரவேண்டும் என்ற 23ஆம் பிரிவின் நோக்கத்தையும் எடை போட்டிருக்கவேண்டும் என்று 2023 மார்கழியில் தீர்ப்பு வந்தது. என் மனதுக்கு, கடந்த சில வருடங்களில் வந்த எல்லா இலக்குகளையும்விட இந்தத் தீர்ப்பு பெரியது.

ஏன் என்று சொல்கிறேன். பாடசாலைக்குள் வந்த பிள்ளையால்தான் வீதக் கணக்குக்கு உயிர் வருகிறது. விமான நிலையத்தில் எண்ணப்பட்ட பிரெஞ்சு ஆள், ஆறு மாதத்தில் பிரெஞ்சில் வேலை கிடைக்காமல் பண்டகசாலையில் ஆங்கிலத்தில் பெட்டி தூக்குகிறார். கணக்காளராக இருந்தவரும் தூக்குகிறார், ஆசிரியராக இருந்தவரும் தூக்குகிறார். இரவு களைத்து வந்து, பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால் போதும், நான் படும் பாடு அதற்கு வேண்டாம் என்று முடிவெடுக்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது? நம் வீடுகளிலும் தமிழைப் பற்றி இதே முடிவு எத்தனை மேசையில் எடுக்கப்பட்டது! அவருடைய பிரெஞ்சுக்கு ஆட்சிமொழி என்ற பட்டயம் இருக்கிறது, எங்கள் தமிழுக்கு இல்லை. ஆனாலும் இரவு எட்டு மணிக் களைப்பு இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

ஆகவே பரீட்சைக்குப் பிரெஞ்சு படித்து வரப்போகும் உறவினர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த மொழிக்கு இங்கே ஒரு சமூகம் இருக்கிறது, பாடசாலை இருக்கிறது, ஒட்டாவாவில் சனம் திரண்டு போராடி மூடவிடாமல் காப்பாற்றிய மொன்ட்போர் என்ற பிரெஞ்சு மருத்துவமனை இருக்கிறது. புள்ளி வாங்கிய பிறகும் அந்தக் கதவைத் தட்டுங்கள். உங்கள் பிள்ளையின் தாய்மொழி தமிழ் என்பது அங்கே குறை இல்லை. என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் மூன்றாவது ஒரு மொழி பேசுகிறவர்கள்.

அந்தப் புருண்டி அம்மா சென்ற வருடம் திரும்ப வந்தார். இந்த முறை இங்கே பிறந்த நாலு வயது மகனோடு. இடையில் குடியுரிமை எடுத்துவிட்டார். மூத்தவள் எங்கள் பாடசாலையில் படித்ததால், 23ஆம் பிரிவு இப்போது அவருக்கும் உண்டு. குழு கூடவேண்டியதில்லை. அன்று ஒரு பின்னேரம் மூன்று பேர் எடுத்த முடிவு, ஒரு குடும்பத்துக்கு அரசியலமைப்பு உரிமையாக மாறியிருந்தது. படிவம் அதே படிவம்தான். தாய்மொழிக் கட்டம் வந்தது. கிருண்டி என்று பெரிதாக எழுதினார், ஒரு கமா போட்டுப் பிரெஞ்சு என்றும் எழுதினார். என்னைக் கேட்கவில்லை. பேனாவை மகனிடம் கொடுத்து, கீழே பெயரை எழுதச் சொன்னார். அவன் முதல் எழுத்தைத் தலைகீழாகப் போட்டான்.

நன்றி, வணக்கம்.