டப் என்று வெடித்தால் பெட்டியை உடனே குற்றம் சொல்லாதீர்கள்

வணக்கம் நேயர்களே. இன்று ஒரு சத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கம்ப்யூட்டரோடு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டி, வைத்து வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள், பாட்காஸ்ட் பேசுகிறவர்கள், இணையம் வழியாக வயலினும் மிருதங்கமும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள், இவர்களுக்கெல்லாம் இது நன்றாகப் பழக்கமான சத்தம். பாட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் 'டப்' என்று ஒன்று விழும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி 'டப், டப்'. சிலருக்கு நிற்காமல் படபடவென்று வரும்.

வந்ததும் எல்லாரும் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் முறைப்பார்கள். பெட்டி கெட்டுவிட்டது, மட்டமான பெட்டி, விலை கூடினதாக ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டி, கடன் வாங்கிப் புதுசு வாங்கி, அதிலும் அதே சத்தம் வந்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சத்தம் பெட்டிக்குள் பிறப்பதில்லை. அது எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு பணத்தைப் பற்றி யோசியுங்கள். கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், காதும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஏதாவது இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை இரண்டு முறை போட்டுக் கேளுங்கள். 'டப்' இரண்டு முறையும் அதே இடத்தில், அதே சொல்லின் மேல் விழுகிறதா? அப்படியானால் அது ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிட்டது, கோளாறு பதிவு செய்யும்போது நடந்திருக்கிறது. முதல் முறை ஓரிடத்திலும் அடுத்த முறை வேறிடத்திலும் வந்தால் ஃபைல் சுத்தமாக இருக்கிறது, போட்டுக் கேட்கும்போதுதான் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது என்று அர்த்தம். பாடினவரை மறுபடி கூப்பிட்டுப் பாடவைக்கத் தேவையில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அமைப்புகளை எல்லாம் கன்னாபின்னாவென்று மாற்றத் தொடங்கினால் எது எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

அடுத்த சோதனைக்கு உங்கள் பெட்டியிலேயே ஒரு வசதி இருக்கும். டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகோ பாருங்கள். அதைப் போட்டால் மைக்கில் வருகிற குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவராமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரில் எதையும் ஓட்டாமல் வெறுமனே மைக்கில் பேசிக் கேளுங்கள். அப்போதும் வெடித்தால் சாஃப்ட்வேர் மேல் சந்தேகப்பட வேண்டாம், மைக், கேபிள், கரண்ட் பக்கம் தேடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டி யுஎஸ்பி வழியாகத்தான் கரண்ட் எடுக்கிறது என்றால் கம்ப்யூட்டர் முழுதாக விலகிவிடவில்லை.

சரி, டைரக்ட் மானிட்டரில் சுத்தமாக இருக்கிறது, கம்ப்யூட்டர் வழியாக வரும்போதுதான் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகம் பேருக்கு இதுதான் நிலைமை. இங்கே பஃபர் என்கிற சங்கதி புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கிறது. மோட்டாரோ விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. தொட்டி பெரிசாக இருந்தால் மோட்டார் கொஞ்சம் தாமதித்தாலும் குழாய்க்குத் தெரியாது. தொட்டி சின்னது என்றால் மோட்டார் ஒரு கணம் நின்றாலும் குழாய் புஸ்ஸென்று காற்றைத் துப்பும். பஃபர்தான் அந்தத் தொட்டி, கம்ப்யூட்டர்தான் மோட்டார், நீங்கள் கேட்கிற 'டப்' குழாய் துப்புகிற காற்று.

கணக்கையும் பார்ப்போம். ஒலியை எண்ணாக மாற்றும்போது எடுக்கிற ஒவ்வொரு அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்று ஓட்டுகிறீர்கள், பஃபர் 64 சாம்பிள் என்று வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிற அவகாசம் சுமார் 1.3 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த துண்டைத் தயார் செய்து கொடுத்தே ஆக வேண்டும். 256 வைத்தால் சுமார் 5.3 மில்லி விநாடி, 1024 வைத்தால் 21 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் கூட. பாடிப் பதிவு செய்யும்போது தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் பாட முடியாது, அதனால்தான் சின்ன பஃபர் வைக்கிறோம். பதிவானவற்றைக் கலந்து மிக்ஸிங் செய்யும்போது அந்தக் கவலையே இல்லை, தாராளமாக 1024க்கு ஏற்றிவிடுங்கள். டைரக்ட் மானிட்டர் வழியாகக் கேட்டுப் பாடினால் பதிவின்போதும் 512 வைக்கலாம், பாடுகிறவருக்குத் தாமதம் தெரியாது. பஃபரை ஏற்றினதும் சத்தம் நின்றுவிட்டது என்றால் பெட்டி குற்றவாளி இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் எல்லாரும் கேட்கிற கேள்வி, "என் கம்ப்யூட்டர் புதுசு, டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு 20 சதவீதம்கூட ஓடவில்லை, பிறகு ஏன் வெடிக்கிறது?" நியாயமான கேள்வி. அந்த 20 சதவீதம் என்பது ஒரு விநாடிக்கான சராசரி. ஆடியோவுக்குச் சராசரி பயன்படாது, ஒவ்வொரு துண்டும் கெடுவுக்குள் வர வேண்டும். விண்டோஸில் வைஃபை டிரைவரோ (ஒரு சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற நிரல்தான் டிரைவர்), கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரோ, லேப்டாப் பேட்டரியைக் கவனிக்கிற நிரலோ சில மில்லி விநாடி சிபியுவைப் பிடித்துவைத்துக்கொண்டால் போதும், மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டர் சும்மா இருந்தும் பயனில்லை, அந்த ஒரு துண்டு தவறிவிடும். லேட்டன்சிமான் என்று ஒரு நிரல் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்று பெயரோடு காட்டும். அதற்கு முன்னால் இன்னும் எளிதாக ஒன்று செய்து பாருங்கள்: வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பியுங்கள், அதுவும் உதவவில்லை என்றால் பதிவு முடியும்வரை அணைத்தே வையுங்கள்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தருகிற ஆசியோ டிரைவரை, அதாவது தாமதம் குறைய ஆடியோவுக்கென்றே செய்த டிரைவரை, போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். செருகினதும் விண்டோஸ் தானாகவே பெட்டியை அடையாளம் கண்டு சத்தம் வந்துவிடுவதால் பல பேர் அந்த டிரைவரைப் போடுவதே இல்லை. பஃபரைச் சின்னதாக வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அது அவசியம்.

இனி மின்சிக்கனம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப் செய்கிற வேலைகள் ஆடியோவுக்குப் பகை. சிபியு வேகத்தைக் குறைக்கும், யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும். பவர் அமைப்பில் முழு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள், டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்புக்குள் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பாட்டுப் போட்டால் தொடக்கத்தில் மட்டும் 'டப்' வருகிறது என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

யுஎஸ்பி பற்றி ஒரு சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. "அதே போர்ட்டில் பென் டிரைவ் அழகாக வேலை செய்கிறதே, பிறகு போர்ட்டில் என்ன குறை?" பென் டிரைவுக்கு ஃபைல் போகும்போது ஒரு துண்டு கெட்டுப்போனால் கம்ப்யூட்டர் அதைத் திரும்ப அனுப்பும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆடியோ அப்படிப் போவதில்லை. அதற்கென்று நேரம் ஒதுக்கி ஒரே ஒரு முறை அனுப்புவார்கள், கெட்டால் கெட்டதுதான், திரும்ப அனுப்ப நேரம் கிடையாது. அதனால் கேபிளில் சின்னத் தளர்வு இருந்தாலும் பென் டிரைவ் தாங்கிக்கொள்ளும், ஆடியோ தாங்காது. வெப்கேம், ஹார்டு டிஸ்க், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும், ஒரு போர்ட்டைப் பலவாக்குகிற ஒரே ஹப்பில் தொங்கவிடாதீர்கள். இன்டர்ஃபேஸை நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள், மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்க போர்ட்டில். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். தனியாக அடாப்டரில் கரண்ட் எடுக்காத ஹப்பில் நாலு சாதனம் சேர்ந்து அதையே பங்குபோட்டால் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (சில மைக்குகள் இயங்கக் கேபிள் வழியாகவே போகிற கரண்ட்) கொடுக்க வேண்டிய பெட்டி திணறும்.

சில வீடுகளில் சத்தம் கடிகாரம்போல ஒரே இடைவெளியில் வரும். அப்போது சாம்பிள் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பதை, பாருங்கள். மென்பொருளில் 44,100, விண்டோஸ் அமைப்பில் 48,000 என்று ஆளுக்கொன்றாக இருக்கக்கூடாது, எல்லா இடத்திலும் ஒன்றாக்குங்கள். இரண்டு பெட்டிகளை ஆப்டிகல் கேபிளில் இணைத்திருந்தால் ஒன்றுதான் சாம்பிள்களுக்கு நேரம் சொல்லும் தலைமைக் கடிகாரமாக இருக்க வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டும் தன் தன் கடிகாரத்தில் ஓடினால் விநாடிக்கு ஒன்றிரண்டு சாம்பிள் விலகினாலே போதும், வெடிப்பு வந்துகொண்டே இருக்கும்.

சில நேரம் நம் கையில் ஒன்றுமே இருப்பதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2018இல் வந்த மேக்புக் ப்ரோ, மேக்புக் ஏர், மேக் மினி வாங்கிய இசைக்காரர்கள் பல பேருக்கு யுஎஸ்பி இன்டர்ஃபேஸில் திடீர் திடீரென்று சத்தம் அறுந்தது. வேறு வேறு நிறுவனங்களின் பெட்டிகளிலும் அதே கதை. தேடிப் பார்த்தவர்கள், கம்ப்யூட்டர் தன் நேரத்தை இணையத்தோடு சரிபார்த்துத் திருத்துகிற வேளையில் இது நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், தானாக நேரம் சரிசெய்கிற வசதியை அணைத்துவைத்துச் சமாளித்தார்கள். 2019 மார்ச்சில் ஆப்பிள் வெளியிட்ட மேக்ஓஎஸ் 10.14.4 பதிப்பில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. அந்த மாதங்களில் இதற்காகப் பெட்டியை மாற்றியிருந்தால் அத்தனை பணமும் வீண்.

கரண்ட் பக்கம் வருவோம். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதோ, ட்யூப் லைட் போடும்போதோ 'டப்' என்று கேட்டால் அது மின்கம்பி வழியாக வருகிறது. கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் பெட்டியையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் வைத்து, ஃப்ரிட்ஜை வேறு பிளக்கில் போடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினதும் இரைச்சல் நின்றால் அது பெரும்பாலும் எர்த் தொடர்பான கோளாறு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரைச்சல் போகும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுப் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவருக்கு ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உரக்கப் பாடும் இடத்தில் மட்டும் கரகரத்தால் கெய்ன், அதாவது மைக் ஒலியைப் பெருக்குகிற அளவு, கூடிவிட்டது, சிவப்பு விளக்கு எரிகிறதா பார்த்துக் குறையுங்கள். ஃபான்டம் பவரைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஒரு 'டப்' வருவது இயல்பு, அப்போது ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்துவையுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட்டு முதலில் அணையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பெட்டியையே சந்தேகப்பட வேண்டிய நிலை வரலாம். அப்போது வேறு கேபிளோடு வேறு ஒருவரின் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் வந்தால், திருகைத் திருப்பும்போதோ செருகியிடத்தை லேசாக அசைக்கும்போதோ வெடித்தால், இப்போது பெட்டியை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போகலாம். போகும்போது பெட்டியின் மாடல், விண்டோஸா மேக்கா, எந்தப் பதிப்பு, பஃபர் எத்தனை, சாம்பிள் ரேட் எத்தனை, சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த இரண்டு நிமிடப் பதிவையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். அங்கே இருக்கிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நன்றி, வணக்கம்.