மைதானம் இருக்கிற நாட்டுக்கே கொடுங்கள்!

நடுவர் ஐயா அவர்களே, பேசி முடித்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிற எதிரணி அக்கா அவர்களே, ஹட்டன் குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு இந்த நேரத்திலும் கலையாமல் இருக்கிற சொந்தங்களே, வணக்கம்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நடத்தும் உரிமையை ஏற்கனவே மைதானம் உள்ள நாட்டுக்குக் கொடுப்பதா, இதுவரை வாய்ப்பே கிடைக்காத நாட்டுக்குக் கொடுப்பதா? இதுதான் தலைப்பு. "வசதி உள்ளவனுக்கே எல்லாம் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு எப்போதுதான் வரும்?" என்று அக்கா கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். மலையகத்தில் நின்று அப்படிக் கேட்டால் கை தானாகத் தட்டும். நானும் தட்டினேன் ஐயா. எங்கள் அணித் தலைவர் மேசைக்குக் கீழே காலை மிதித்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஆனால் அக்கா, நாட்டுக்குக் கிடைத்தால் நமக்குக் கிடைத்த மாதிரி என்று யார் உங்களுக்குச் சொன்னது?

நம் தோட்டத்து மைதானம் எப்படி இருக்கும்? ஒரு கோல் கம்பம் மேட்டில், மற்றது பள்ளத்தில். டாஸ் வென்றவன் கண்ணை மூடிக்கொண்டு மேட்டுப் பக்கத்தைக் கேட்பான். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள்ளே உருளும். அது கவாத்து வெட்டிய மலையாக இருந்துவிட்டால் குச்சி குத்திப் பந்து பஞ்சர், ஆட்டம் அத்தோடு சரி. இதைக் கொஞ்சம் சமப்படுத்திக் கொடுங்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். நம் இலங்கை உலகக் கிண்ணம் நடத்தாத நாடா? கிரிக்கெட்டில் 1996இல் நடத்தினோம், 2011இல் நடத்தினோம். 2011க்காக அம்பாந்தோட்டை சூரியவெவையில் 35,000 பேர் உட்காரப் புது மைதானம் எழுந்தது. போட்டி முடிந்தபோது கிரிக்கெட் சபை கடனில் கிடந்தது, வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அதோடு விட்டார்களா? 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவையும் அம்பாந்தோட்டைக்குக் கேட்டார்கள். ஓட்டெடுப்பில் 43க்கு 27 என்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் ஜெயித்தது. ஆஸ்திரேலியாக்காரன் நமக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான்!

அது கிரிக்கெட். உதைபந்தாட்டத்தில் உலகச் சம்மேளனமான பீஃபா கேட்கிற சீர்வரிசையைப் பாருங்கள். ஆரம்ப ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000 இருக்கை, அரையிறுதிக்கு 60,000, மற்ற ஆட்டங்களுக்கு 40,000. ஒளிபரப்பு உரிமைப் பணம் பீஃபாவுக்குப் போகும். மைதானம், வீதி, பாதுகாப்பு எல்லாம் நடத்துகிற நாட்டின் தலையில் விழும். தெரு இல்லாத ஊரில் கடன் வாங்கித் தேர் செய்த கதை இது.

பிரேசிலை ஏழை நாடு என்றோ உதைபந்தாட்டம் தெரியாத நாடு என்றோ யாரும் சொல்ல முடியாது. அவர்களே 2014க்காக அமேசன் காட்டு நகரமான மனாவுஸில் 40,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் ஒன்றைக் கட்டினார்கள். முதல் பிரிவில் ஆடும் ஒரு கழகம்கூட அப்போது அந்த ஊரில் இல்லை. உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தது நான்கே ஆட்டம். அந்த நான்கு ஆட்டத்துக்காகக் கட்டும்போது மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்தப் பக்கம் மெக்சிகோவைப் பாருங்கள். 1986 போட்டி முதலில் கொலம்பியாவுக்குத்தான் போனது. 1982இல் அந்த நாட்டு ஜனாதிபதி பெத்தான்கூர், எங்களுக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு நிறைய இருக்கிறது, பீஃபாவின் ஆடம்பரத்துக்கு நேரமில்லை என்ற பொருளில் கையை விரித்துவிட்டார். என்னைக் கேட்டால், எங்கள் அணிக்கு அவரைத்தான் தலைவராகப் போட்டிருக்க வேண்டும். மெக்சிகோவிடம் 1970இல் ஆடிய மைதானங்கள் இருந்தன, எடுத்து நடத்தியது. நடுவில் 1985 செப்டம்பரில் பெரிய பூமியதிர்ச்சி வந்தும் போட்டி நிற்கவில்லை. அதே அஸ்டெகா மைதானம் 1970க்கு, 1986க்கு, 2026க்கும்!

அக்கா கட்டாரைப் பெருமையாகச் சொன்னார். சின்ன நாடு, முதல் தடவை, எவ்வளவு அழகு என்றார். அழகுதான், மறுக்கவில்லை. 2010 டிசம்பரில் சூரிச்சில் ஓட்டுப் போட்டவர்கள் 22 பேர். கட்டாரில் ஆபத்து அதிகம் என்று பீஃபாவின் சொந்த மதிப்பீடே எழுதிக் கொடுத்திருந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கடைசிச் சுற்றில் 14க்கு 8 என்று அமெரிக்காவைத் தோற்கடித்து அங்கே கொடுத்தார்கள். எட்டு மைதானத்தில் ஏழு புதுசு. யார் கட்டினார்கள்? நேபாளி, இந்தியன், பங்களாதேஷி, நம் நாட்டுப் பிள்ளைகள். என் சித்தப்பா மகன் டோஹாவில் கம்பி கட்டினான். ஏஜென்சிக்குக் கட்டச் சித்தி அடகு வைத்த தோட்டை மீட்கவே அவனுடைய முதல் வருஷச் சம்பளம் போனது. உலகக் கிண்ணத்தை அவன் பார்த்தது இங்கே லயத்து வீட்டில், என் போனில். "இந்த வாசல் பக்கம் நாங்கள் வேலை செய்தது" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினான். அதற்குள் கோல் விழுந்துவிட்டது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

அவன் திரும்பி வந்தான். எல்லோரும் வரவில்லை. 2022 நவம்பரில் போட்டி ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் நாயகம் ஹசன் அல் தவாதி, செத்த தொழிலாளர்கள் 400 முதல் 500 பேர் என்று வாயால் சொன்னார். அது நாடு முழுவதற்குமான கணக்கு என்று பிறகு விளக்கம் வந்தது. பெட்டியில் வந்த பிள்ளையின் தாய்க்கு எந்தக் கணக்காக இருந்தால் என்ன ஐயா?

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, ஒரு நிமிஷம், மொரோக்கோவை மட்டும் முடித்துவிடுகிறேன், அக்காவின் துருப்புச் சீட்டு அது. 2018இல் மொஸ்கோவில் 2026 போட்டிக்கான ஓட்டெடுப்பில் 134க்கு 65 என்று தோற்ற நாடு, ஸ்பெயினோடும் போர்த்துக்கலோடும் சேர்ந்து 2030ஐ வாங்கிவிட்டது என்றார். உண்மைதான். மூன்று பேர் சேர்ந்து நடத்தினால் சுமை குறையும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மொரோக்கோவிலும் 115,000 இருக்கையோடு ஒரு புது மைதானம் எதற்கு? 2025 செப்டம்பரில் அந்த நாட்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அகாதிர் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் போன பெண்கள் இறந்துபோன ஆத்திரம். "மைதானங்கள் இங்கே, ஆஸ்பத்திரிகள் எங்கே?" என்று கத்தினார்கள். வலி வந்த பிள்ளைத்தாச்சியைத் தோட்டத்து லொறியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோன ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பிள்ளைகள் முன்னால் போய் நின்று, உங்களுக்கு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது என்று சொல்ல எதிரணியில் யாருக்காவது வாய் வருமா? அடுத்து வருகிற தம்பி முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும், பிறகு கைதட்டல் வாங்கட்டும்.