தூண்டில்காரரின் பை

நேயர்களுக்கு வணக்கம். கொடுவா, பாரை, ஷீலா போன்ற வேட்டை மீன்களைத் தேடிப் போகும்போது பொருள்களை எதில், எப்படிச் சுமப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இரை மாட்டிவிட்டு ஓரிடத்தில் அமர்கிறவருக்குப் பையை இறக்கிவைக்க இடம் உண்டு. வேட்டை மீனைத் தேடுகிறவருக்கு அது கிடையாது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஏற்றம் முடிந்து நீர் வடியத் தொடங்கும்போது, ஆற்றிலிருந்து இறங்கும் மடவைக் குஞ்சுகளுக்காகக் கொடுவா கல்லோரம் காத்திருக்கும். அது நிற்கும் இடம் தெரியாததால், நாம் செயற்கை இரையை வீசியபடியே கல்லுக்குக் கல் நகர வேண்டியிருக்கிறது. திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய, கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளிலும் இதே நிலைதான். பை எந்நேரமும் உடம்பிலேயே இருக்கும்.

முதுகுப் பை எடையை இரண்டு தோள்களுக்கும் பகிர்ந்து தருவதால் ரயில் நிலையத்திலிருந்து நடப்பதற்கு நல்லது. ஆனால் ஒரு சிறு வளையம் வேண்டுமென்றாலும் அதைக் கழற்றி, பாசி படிந்த கல்லில் வைக்க வேண்டும். குறுக்கே மாட்டும் பையை முன்புறம் இழுத்துக்கொள்ளலாம். எனினும் தாவும்போது அது ஊசலாடி நம் நிலையைக் குலைக்கும் என்பதால், இடுப்பைச் சுற்றி இன்னொரு வார் அவசியம். இடுப்புப் பையோ, நீரில் இறங்கினால் முதலில் நனைவது.

எடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. 30 கிராம் எடையுள்ள இரைகள் 20 எடுத்தாலும் 600 கிராம்தான். ஆகவே தண்ணீரும் சோறும் முதுகோடு ஒட்டிய சிறு பையில் இருக்கட்டும். இரைப் பெட்டி ஒன்று, தூண்டில் நரம்பின் நுனியில் கட்டுகிற, ஷீலாவின் பல்லுக்குத் தாங்கும் கம்பி நரம்பு, குறடு ஆகியவை மார்புப் பக்கம் இருக்கட்டும். குறடு கட்டாயம் முன்னால் இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், விடியற்காலை ரயிலில் தண்டையார்பேட்டையில் ஏறினேன். முந்தைய நாள் நனைந்த செயற்கை இரை ஒன்றைக் காயட்டும் என்று பையின் வெளி வலையில் தொங்கவிட்டிருந்தேன். கூட்டத்தில் அதன் மும்முனை முள், மீன்கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மாவின் முந்தானையில் ஏறிவிட்டது. இழுத்தால் துணி கிழியும். நுனியில் பின்னோக்கி நீளும் எதிர்முனை இருப்பதால் முள்ளும் பின்வாங்காது. குறடோ பையின் அடியில், சோற்றுப் பாத்திரத்துக்கும் கீழே கிடந்தது. அவர் இறங்க வேண்டிய விம்கோ நகர் வந்துவிட்டது. ஒரு கையில் முந்தானையையும் என் பை வாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் இறங்க, நானும் உடன் இறங்கினேன். நடைமேடையில் பையைக் கொட்டிக் குறடை எடுத்து, முள்ளின் முனையை வெட்டி விடுவித்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "முள்ள வெளிய தொங்கவுட்டுக்கினு வரலாமா தம்பி? நாங்க வலையக்கூட சுருட்டிக் கட்டித்தானே எடுத்தாறோம்" என்று மட்டும் கேட்டார். அது துணியாக இல்லாமல் அவர் தோளாகவோ, அருகில் நின்ற குழந்தையின் கண்ணாகவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னைக் கலங்கவைக்கிறது. அன்றிலிருந்து முள் எதுவும் மூடியிட்ட கெட்டிப் பெட்டிக்கு வெளியே இருப்பதில்லை; குறடு மார்பு வாரில், கயிற்றில் கோத்தபடி இருக்கிறது.

ரயிலைச் சொன்னதால் தூண்டில் கோலையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் புறநகர் ரயில் பாதையின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். 8 அடிக் கோலைப் பூட்டி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் ஒருபோதும் நிற்காதீர்கள். இரண்டாகக் கழற்றினால் 4 அடிதான். உறையில் இட்டுக் கிடையாகப் பிடித்து வாருங்கள்.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. பிடித்த மீனைக் கொண்டுவரும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மீனுக்கு ஐஸ் இட்ட தனிப் பெட்டி வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீடு திரும்பிய இரவே பையை நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்பைத் திறந்துவைத்து நிழலில் உலர்த்துங்கள். உப்பு காய்ந்துவிட்டால் மறுமுறை ஜிப் நகராது. வணக்கம்.