கடவு இல்லாத வேலியை யாருங்க வேலின்னு சொல்வாங்க?

நடுவர் அவர்களுக்கும், பேசி முடித்துவிட்டு இப்போது எதுவுமே நடக்காத மாதிரி டீ குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணனுக்கும் வணக்கமுங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற ஆட்டத்தில் மந்திரம் போட்டு எழுப்புகிற சுவர் உடையாமல் நிற்க வேண்டுமா, உடைய வேண்டுமா என்பது தலைப்பு. நான் உடைய வேண்டும் என்கிற கட்சி.

அண்ணன் சொன்னது நியாயம் மாதிரியே இருந்ததுங்க. ஒன்பதாம் லெவல் மந்திரவாதிக்கு ஐந்தாம் லெவல் ஸ்லாட், அதாவது அந்த அளவு மந்திரம் போடுகிற வாய்ப்பு, ஒன்றே ஒன்றுதான், அதையும் கொட்டி ‘வால் ஆஃப் ஃபோர்ஸ்’ என்கிற சக்திச் சுவரைப் போடுகிறான், கைக்காசைப் போட்டுக் கட்டின சுவரைக் கண்டவனெல்லாம் வந்து இடித்துவிட்டுப் போவதா என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டுங்க, பரவாயில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் மாட்டினவன் கதையை அவர் சொல்லவே இல்லை. நான் மாட்டினேன், அதனால் சொல்கிறேன்.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருந்துறையில் நண்பன் வீட்டு மாடி. பவானி ஜமக்காளம் விரித்து, நடுவில் கட்டம் போட்ட தாள், ஆளுக்கு ஒரு பனியன் கம்பெனி பட்டன்தான் பொம்மை. என்னுடையது சிவப்புப் பட்டன், வாள் வீரன். எதிரி மந்திரவாதி என் மேல் வால் ஆஃப் ஃபோர்ஸை உருண்டையாகப் போட்டான். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் என்ன செய்தார் தெரியுமா, ஒரு டீ கிளாஸை எடுத்து என் பட்டன் மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். 2014 விதிப் புத்தகத்தில் எழுதியிருப்பது இதுதான்: பத்து அடி ஆரம், கால் அங்குல கனம், கண்ணுக்குத் தெரியாது, எந்த அடியும் ஏறாது, மந்திரத்தைக் கலைக்கிற டிஸ்பெல் மேஜிக்குக்கும் அசையாது, பத்து நிமிடம் நிற்கும். ஒரு சுற்று ஆறு வினாடி என்றால் நூறு சுற்றுங்க. என் முறை வந்தது, வெட்டுகிறேன் என்றேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். மறுபடி வந்தது, முட்டுகிறேன் என்றேன், அதே பதில். மூன்றாவது முறை வந்தபோது நான் கீழே போய் எல்லாருக்கும் பரோட்டா வாங்கி வந்தேன். சுடச்சுடத் தின்றோம், என் பட்டன் மட்டும் கிளாஸுக்குள்.

இதைச் சாய்க்க ஒரு மந்திரம் இருக்கிறது, டிஸின்டகிரேட். அது ஆறாம் லெவல் மந்திரம், எங்கள் மந்திரவாதி பதினொன்றாம் லெவலுக்குப் போனால்தான் கைக்கு வரும். சுவரோ ஒன்பதிலேயே வந்துவிடுகிறது. பூட்டை இன்றைக்கு விற்றுவிட்டு, சாவிக்கு ரெண்டு லெவல் கழித்து வா என்கிற கடைக்காரனை நம்மூர்ச் சந்தையில் யாராவது சும்மா விடுவார்களா?

இப்போது இதே ஐந்தாம் லெவலில் இருக்கிற கல் சுவரைப் பாருங்க. ஏசி 15. (ஏசி என்றதும் அந்த மூலையில் ஒருத்தர் மேலே பார்க்கிறார், அது இல்லைங்க, ஆர்மர் கிளாஸ், அடி படுவதற்குப் பகடையில் எடுக்க வேண்டிய எண்.) ஒரு அங்குல கனத்துக்கு 30 ஹிட் பாயிண்ட், அதாவது உடையும் வரை தாங்குகிற அடி, ஆறு அங்குல கனப் பலகை ஒன்றுக்கு 180. நாலு பக்கமும் ஒருத்தனை வளைத்துக் கட்டினால், குதித்து வெளியேற அவனுக்கு டெக்ஸ்டெரிட்டி சேவ், அதாவது சுறுசுறுப்பால் தப்பிக்க ஒரு பகடை வாய்ப்பு உண்டு. ஒன்பதாம் லெவல் வீரன் ஒரு சுற்றில் ரெண்டு வெட்டு, வெட்டுக்குப் பன்னிரண்டு என்றால் தனியாளாக இடிக்க எட்டுச் சுற்று ஆகும். லேசில் விழாது, ஆனால் விழும். பத்து நிமிடம் முழுக்கக் காத்துவிட்டால் அது நிரந்தரக் கல்லாகவே நின்றுவிடும். அண்ணன் கேட்ட கைக்காசுக்கு மரியாதை அங்கேயே இருக்கிறதே. பனிச் சுவர் இன்னும் அழகு. பலகைக்கு 30 ஹிட் பாயிண்ட்தான், நெருப்பு பட்டால் ரெட்டை அடி, ஆனால் உடைந்த இடத்தில் உறைகுளிர் நிற்கும், தாண்டுகிறவனைக் கடிக்கும். சுவர் தோற்றும் வேலை செய்கிறது பாருங்க.

அப்புறம் முள் சுவர். அதைப் படித்தபோது எனக்குக் காங்கேயத்துப் பக்கத்துக் கொரங்காடுதான் கண்ணில் வந்தது. கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றி கிளுவை முள்வேலி. சின்ன வயதில் மாமா காட்டில் பந்து எடுக்க அந்தக் கிளுவைக்குள் கையை விட்டிருக்கிறேன், முழங்கை வரைக்கும் கோடு கோடாகக் கீறி, சட்டையும் போச்சு, ஆனால் பந்து வந்தது. ஆட்டத்து முள் சுவரும் அப்படியேதான். ஓர் அடி நகர நாலு அடிக்கான நடை செலவாகும், ஐந்து அடி கனத்தைத் தாண்ட இருபது, மேலுக்குக் கிழிசல் வேறு. போகிறாயா, போ, விலை இது என்கிறது. அந்தக் கிளுவைக்கும் ஒரு கடவு உண்டுங்க, மாடு போக வர. அது இல்லாமல் அடைத்தால் உள்ளே இருக்கிற மாடு செத்துப்போகும்.

கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரவாதி சுவர் மேல் வைத்திருக்கிற கவனம், உடைந்தால் சுவர் போய்விடுமே, அதுதானே கடவு என்று எதிரணித் தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கடவு மந்திரவாதி உடம்பில் இருக்கிறது, சுவரில் இல்லை. அவனை அடித்து, பத்து அல்லது பட்ட அடியில் பாதி, எது பெரிதோ அதை அவன் பகடையில் எட்டாமல் போக வேண்டும். அன்றைக்கு அந்த எதிரி மந்திரவாதி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டான், ரெண்டு அம்பு பட்டது, ரெண்டு தடவையும் தப்பித்தான். அம்பு விட்டவர்களுக்காவது ஆட்டம் இருந்தது, கிளாஸுக்குள் இருந்த எனக்கு?

அடுத்த மாதம் நாங்களே ஒரு விதி எழுதினோம். வால் ஆஃப் ஃபோர்ஸ் உருண்டைக்கு ஏசி 10, நூறு ஹிட் பாயிண்ட். அதே மந்திரவாதி, அதே நான், மறுபடி டீ கிளாஸ். நான் உள்ளிருந்து வெட்ட, தாராபுரத்து நண்பன் வெளியிலிருந்து கோடாலியால் கொத்த, மூன்றாம் சுற்றில் பாக்கி ஏழு. என் கையில் பகடை, எல்லாரும் ஜமக்காளத்தில் முட்டி போட்டு எழுந்து நிற்கிறார்கள், டிஎம் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பரோட்டா அன்றைக்கும் வாங்கி வைத்திருந்தோமுங்க. யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.