சுவரை வைத்துத்தான் சித்திரம்

(வளரும் நாடுகளின் நகரப் போக்குவரத்து குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, கருத்தரங்கைத் தொடங்கி வைத்ததோடு விடைபெற்றுக்கொள்ளாமல் காலை முதல் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மாநகராட்சி ஆணையர் அவர்களே, சாலைப் பொறியியலில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கிவரும் பேராசிரியப் பெருமக்களே, தொழிற்சங்கத்தின் மூத்த தோழர்களே, முதல் ஷிப்ட் முடித்துவிட்டுச் சீருடையோடு வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம். போக்குவரத்தைப் பற்றிய கூட்டங்களில் பேருந்தை ஓட்டுகிறவருக்கு நாற்காலி கிடைப்பது அரிது. அவர்களை முன்வரிசையில் அமரவைத்த அமைப்பாளர்களுக்கும், அதற்கு முழுமனதோடு இசைந்த அவைத்தலைவர் அவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் நான் பொருளுக்குள் நுழைய வேண்டும். எனக்கு முன் பேசிய அம்மையார் மின்பேருந்துகளைப் பற்றி அவ்வளவு தெளிவாக எடுத்துரைத்தார்கள். அவர்களுக்கும் என் வணக்கம் உரியது.

நகரப் பொதுப் போக்குவரத்தைத் தொழில்நுட்பத்தால் புதுப்பிப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் ஜிபிஎஸ் கருவி முதலாவது. எல்லா ஊர்திகளுக்கும் செல்லுபடியாகும் ஒரே பயண அட்டை இரண்டாவது. மின்பேருந்து மூன்றாவது. எந்தக் கால அட்டவணையிலும் சேராமல் ஓடும் தனியார் சிற்றுந்துகளை நகரத்தின் வரைபடத்துக்குள் கொண்டுவருவது நான்காவது. இவை நான்கையும் தொடங்குமுன், நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்லும் பழமொழியை இங்கும் சொல்லிவிடுகிறேன்: சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். ஊரின் பெயர் தேவையில்லை. நெரிசல் உள்ள எந்த நகரத்திலும் நடக்கக்கூடியதுதான் அது. மாலை ஆறு மணியிருக்கும். புதிதாக அமைத்திருந்த நிறுத்தம். எஃகு இருக்கைகள், கண்ணாடிக் கூரை, தலைக்கு மேல் கறுப்புப் பலகையில் செம்மஞ்சள் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த பையிலிருந்து எக்ஸ்ரே உறையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, கண்ணாடி எடுத்துட்டு வரல. அதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அவர் போகவேண்டிய தடத்தின் எண்ணைப் பலகையில் தேடி, "இன்னும் மூணு நிமிஷம்மா" என்றேன். உடனே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

மூன்று நிமிடம் கழிந்தது. பலகையில் மூன்று நிமிடம் என்றே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து அது இரண்டாயிற்று. அவர் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்துப் பார்த்தபோது நான்கு. அவர் கேட்கும்போதெல்லாம் நான் படித்துச் சொன்னேன். நான்காவது முறை அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "பஸ் நிக்குதா தம்பி, இல்ல அந்தப் போர்டு நிக்குதா?"

எனக்கே தெரியவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாலையோரமாகவே நடந்தேன். ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி ஒரு சந்திப்பு. அதற்கு அப்பால் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் இடப்பக்கம் இரண்டு வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் முண்டியடித்த வண்டிகள் மூன்று சிக்னல் மாறியும் நகரவில்லை. உள்ளே அறுபது பேராவது இருந்திருப்பார்கள். ஓட்டுநர் இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலிருந்த ஜிபிஎஸ் கருவியின் பச்சை விளக்கு தவறாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. தான் நிற்கும் இடத்தைச் சரியாகத்தான் அனுப்பியது. அங்கிருந்து நிறுத்தத்துக்கு உள்ள தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து மூன்று நிமிடம் என்று பலகை காட்டியது. கணக்கும் சரி, கருவியும் சரி. போக வழி மட்டும் இல்லை.

திரும்பி வந்து கண்டதைச் சொன்னேன். பெரியம்மா பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து அந்தப் பேருந்து வந்தது. படியில் கால் வைக்க இடமில்லை. அதன் பின்பக்கத்தை ஒட்டியே அதே எண்ணுள்ள இன்னொரு பேருந்தும் வந்தது, பாதி இருக்கைகள் காலியாக. நடத்துநர் இறங்கிக் கைகொடுத்து அவரை அதில் ஏற்றிவிட்டார்.

ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள் சேர்ந்து வருவதற்கு ஓட்டுநரைத் திட்டுகிறோம். முன்னால் போகும் வண்டி நெரிசலில் தாமதமானால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதற்காகக் காத்திருப்போர் கூடுகிறார்கள். அவர்களை ஏற்றி இறக்க மேலும் நேரமாகிறது. அது மேலும் பிந்துகிறது. பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளில்லாததால் அது வேகமாக வந்து முன்வண்டியைப் பிடித்துவிடுகிறது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர் திரையில் இதையெல்லாம் பார்க்கலாம். பின்வண்டியைச் சற்று நிறுத்தி வைக்கவும் சொல்லலாம். நெரிசலில் சிக்கிய முன்வண்டியை நகர்த்த அவரால் முடியாது. அதற்கு வேண்டியது பேருந்துக்கென்று ஒதுக்கப்பட்ட தனித்தடம். நான் சுவர் என்று சொல்வது அதைத்தான். திரையும் பலகையும் செயலியும் அதன்மேல் எழுதும் சித்திரங்கள்.

ஆணையர் அவர்கள் கணக்கை விரும்புகிறவர் என்பதால் ஒரு சிறு கணக்கு. போய்த் திரும்ப 20 கிலோமீட்டர் உள்ள ஒரு தடத்தில் பேருந்து மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம் ஆகும். 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட 12 வண்டிகள் வேண்டும். தனித்தடம் அமைத்து வேகத்தை 20 கிலோமீட்டராக உயர்த்தினால் அதே சேவைக்கு 6 வண்டிகள் போதும். அல்லது கையிலுள்ள 12 வண்டிகளைக் கொண்டே 5 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். புதிய வண்டி வாங்கவில்லை. கூடுதலாக ஓர் ஓட்டுநரைக்கூட அமர்த்தவில்லை. ஆனாலும் சேவை இரட்டிப்பாகிறது. கருவூலத்தில் காசு குறைந்த நாடுகளுக்கு இதைவிட மலிவான நவீனமயம் உண்டா என்று இங்குள்ள பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் பேருந்துக்குத் தனித்தடம் போட்டபோது செயற்கைக்கோள் வழிகாட்டியும் கிடையாது, கைபேசியும் கிடையாது. கட்டடக் கலைஞரான மேயர் ஜைமி லெர்னர் நடுச்சாலையைப் பேருந்துக்குக் கொடுத்தார். 1991இல் அங்கே குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன: உள்ளே நுழையும்போதே கட்டணம், பேருந்தின் தளத்துக்குச் சமமான உயரத்தில் மேடை, ஒரே நேரத்தில் திறக்கும் அகன்ற கதவுகள். நடத்துநர் கூட்டத்தில் நீந்திச் சீட்டுக் கிழிக்கும் நேரமும், வயதானவர் படியேறும் நேரமும் மிச்சமாயின. கொலம்பியாவின் பொகோட்டா 2000 டிசம்பரில் அந்த வழியில் இறங்கி, முக்கியத் தடங்களில் ஒரு பேருந்து இன்னொன்றை முந்திச் செல்லவும் இடம் விட்டது. உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் அங்கே பயணம் செய்கிறார்கள். பல மெட்ரோ ரயில் தடங்களே எட்டாத அளவு அது. வண்டிக்குள் நெரிசல் என்ற குறை அங்கேயும் உண்டு; வண்டி நகரவில்லை என்ற குறையோடு அதை ஒப்பிட முடியாது. ஜகார்த்தா 2004இலும், லாகோஸ் 2008இலும், அகமதாபாத் 2009இலும் தத்தமக்கு ஏற்றபடி தனித்தடம் அமைத்தன.

இதற்கு நேர்மாறான பாடம் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் இருக்கிறது. 2007 பிப்ரவரி 10ஆம் நாள், பழைய தடங்களை ஒரே வீச்சில் மாற்றி, புதிய பயண அட்டையோடு ஒரு புதிய அமைப்பை நகரம் முழுவதும் தொடங்கினார்கள். வண்டிகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு ஆயத்தமாகவில்லை, வண்டிகள் போதவில்லை, திட்டத்தில் இருந்த தனித்தடங்களில் பெரும்பகுதி சாலையில் இல்லை. மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மெட்ரோ ரயிலில் மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. அதிபர் மிச்செல் பாச்செலெட் நாட்டு மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பயண அட்டையில் குற்றமில்லை. ஆனால் சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே, 2004 ஜூலை 1 அன்று, சியோல் நகரம் நடுச்சாலைத் தடம், அட்டை, பயணத் தூரத்துக்கேற்ற ஒருங்கிணைந்த கட்டணம், ஜிபிஎஸ் கண்காணிப்பு அனைத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. முதல் நாள்களில் அங்கும் குழப்பம்தான். பேருந்து ஓட வழி இருந்ததால் அது விரைவில் தெளிந்தது. என் இரண்டாவது செய்தியான அட்டையைப் பற்றி இதற்குமேல் விரிக்கவில்லை.

மூன்றாவதான மின்பேருந்தைப் பற்றி எனக்கு முன் பேசிய அம்மையாரே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான்காவது செய்திக்கு நைரோபியைச் சொன்னால் போதும். அங்கே மட்டாட்டு என்னும் தனியார் சிற்றுந்துகளே பெரும்பான்மை மக்களைச் சுமக்கின்றன. மாணவர்கள் கைபேசியோடு அவற்றில் ஏறி, வழியையும் நிறுத்தங்களையும் பதிவுசெய்து, 2014இல் 130க்கும் மேற்பட்ட தடங்கள் கொண்ட வரைபடத்தை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார்கள். போற்றத்தக்க பணி. அந்த வண்டிகளும் நெரிசலில்தான் நிற்கின்றன என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாலையே குறுகலாக இருக்கும்போது காரிடமிருந்து தடத்தைப் பறிப்பது நியாயமா என்று கேட்பார்கள். தில்லியில் 2008இல் திறந்த பேருந்துத் தடம், கார் வைத்திருப்போரின் கடும் எதிர்ப்புக்கு ஆளாகி 2016இல் அகற்றப்பட்டது. அந்தத் தடத்தின் அமைப்பில் குறைகள் இருந்தன. அவற்றைத் திருத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. குறுகலான சாலையில்தான் தனித்தடத்தின் தேவை மிகுதி. ஒருவரோ இருவரோ அமர்ந்த இரண்டு மூன்று கார்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு பேருந்து அறுபது பேரை ஏற்றிச் செல்கிறது. சாலையை வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடுவதா, மனிதர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடுவதா என்பதே இங்குள்ள கேள்வி.

தொழில்நுட்பத்துக்கு உண்மையான வேலை இந்தத் தடத்தைக் காப்பதில் இருக்கிறது. பேருந்தின் முகப்பில் ஒரு கேமரா பொருத்தினால், தடத்தில் நிறுத்திய காரின் எண்ணை அதுவே படமெடுத்து அபராதத்துக்கு அனுப்பும். ஒவ்வொரு சந்திப்பிலும் காவலர் நிற்க வேண்டியதில்லை. பேருந்து நெருங்குவதை அறிந்து சிக்னல் பச்சை விளக்கைச் சில விநாடிகள் நீட்டித்துக் கொடுக்கும். ஆனால் முன்னால் இருபது கார்கள் அடைத்து நின்றால் அந்தப் பச்சையும் வீண்.

நேரம் முடிந்துவிட்டதை அவைத்தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு சொல்லாமல் இருக்கிறார்கள். இந்த அவை நிறைவேற்ற வேண்டும் என்று நான் வேண்டும் தீர்மானத்தின் வரைவை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்; அதை வாசித்து அமர்கிறேன். "ஜிபிஎஸ் பொருத்திய பேருந்துகளை இயக்கும் ஒவ்வொரு மாநகரமும், சாலைவாரியாக அவற்றின் வேகத்தை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் ஆகக் குறைந்த வேகமுள்ள சாலையில், புதிய அறிவிப்புப் பலகைகளுக்கு ஒப்பந்தம் கோருமுன், பேருந்துக்கான தனித்தடத்தைக் கோடு போட்டு ஒதுக்க வேண்டும்." ஆணையர் அவர்களும் ஓட்டுநர் நண்பர்களும் வாசலில் உள்ள ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.